மூன்று வண்ணக் கோடுகள்

மலையேற்றத்தைப் பொருளாகக் கொண்ட நூல்கள் மேலைநாட்டு இலக்கியத்தில் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை வெற்றிக் கதைகள். எவரும் தொடாத சிகரத்தைத் தொட்டவரின் பெருமிதமோ, தொட முயன்று மாண்டவரின் வீரமோ அவற்றின் உட்பொருளாக இருக்கும். 2016-ஆம் ஆண்டு இத்தாலிய மொழியில் வெளிவந்த 'எட்டு மலைகள்' என்னும் நாவல் இவ்வரிசையில் சேராதது. இதில் ஏறப்படும் மலைகள் யாவும் ஏற்கெனவே பலர் ஏறியவை. ஏறுகிறவர்களும் புகழ்பெற்றவர்கள் அல்லர். தொழிற்சாலையில் பணியாற்றும் ஒரு வேதியியலாளர், அவருடைய ஒரே மகன், அம்மகனின் நண்பனாகிய மாடு மேய்க்கும் சிறுவன். இம்மூவரும் ஒரு கோடையில் ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொண்டு பனியாற்றின்மீது நடக்கிறார்கள். சிகரத்தை அடையாமலே திரும்புகிறார்கள். அந்த ஒரு நாளின் பொருளை மகன் உணர்ந்துகொள்ள ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன.

ஆசிரியர் பாவ்லோ கொன்யெத்தி 1978-இல் மிலான் நகரில் பிறந்தவர். நகர வாழ்வில் சலிப்புற்று ஆல்ப்ஸ் மலையில் தனிக் குடில் ஒன்றில் வாழ்ந்த அனுபவத்தை 2013-இல் தனி நூலாக எழுதியவர். 'எட்டு மலைகள்' 2017-இல் இத்தாலியின் ஸ்த்ரேகா பரிசையும், பிரான்சு நாட்டில் அயல்மொழி நூலுக்கு வழங்கப்படும் மெடிசிஸ் பரிசையும் பெற்றது. சைமன் கார்னெல், எரிக்கா செக்ரே இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2018-இல் வெளிவந்தது. நாம் வாசித்தது அதனையே. பரிசுகளைக் கண்டு நாம் இந்நூலை எடுத்துப் பேசவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையே சொல்லப்படாமலே போகும் அன்பைப் பற்றி அண்மைக் காலத்தில் நாம் வாசித்தவற்றுள் மிக நேர்மையானது இது என்பதால் பேசுகிறோம்.

தந்தையின் மூன்று விதிகள்

கதை 1984-ஆம் ஆண்டின் கோடையில் தொடங்குகிறது. மிலான் நகரத்துக் குடும்பம் ஒன்று, இத்தாலியின் வடமேற்கே மோன்ட்டே ரோசா மலைத்தொகுதியின் அடிவாரத்தில், கிரானா என்ற சிற்றூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறது. ஊர் ஆசிரியரின் கற்பனை. மலைத்தொகுதியோ உண்மையானது. 4,634 மீட்டர் உயரமுள்ள அதன் தலைச்சிகரம் சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி நிற்கிறது. இளைஞர் எல்லாரும் பிழைப்புத் தேடி வெளியேறிவிட்ட அவ்வூரில் எஞ்சியிருக்கும் ஒரே சிறுவன் புரூனோ. நகரத்துச் சிறுவன் பியெத்ரோவும் அவனும் நண்பர்களாகிறார்கள்.

பியெத்ரோவின் தந்தை ஜொவான்னி மலையை நேசிப்பவர். ஆனால் மலையில் இளைப்பாற அறியாதவர். ஓடையருகே அமர்ந்து காட்சியை இரசிப்பது அவருக்குக் கைவராத கலை. முன்னே செல்பவரை முந்துவதும், உச்சியை அடைந்தவுடன் இறங்குவதற்கு விரைவதுமே அவர் வழக்கம். மகனுக்கு அவர் மூன்று விதிகளைக் கற்பிக்கிறார். ஒரே சீரான வேகத்தில் நிற்காமல் நடக்கவேண்டும், நடக்கும்போது பேசலாகாது, பாதை பிரியும் இடத்தில் எப்போதும் மேலேறும் பாதையையே தேர்ந்துகொள்ள வேண்டும். இவ்விதிகளை வாசிக்கும்போது நமக்குப் புன்முறுவல் தோன்றுகிறது. வீட்டிலும் இத்தகைய சட்டங்களோடு வாழ்ந்த தந்தையரை நாம் அறிவோம். அவர்கள் கொடியவர்கள் அல்லர். தாம் பெற்ற ஒரே செல்வத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க முயன்றவர்கள். அச்செல்வம் பிள்ளையின் தோளுக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்க்க மறந்தவர்கள்.

தாயின் இயல்பு வேறு. ஒவ்வொருவருக்கும் மலையில் தமக்கென ஓர் உயரம் உண்டு என்பது அவர் கருத்து. அவருக்கு உகந்தது ஊசியிலை மரங்கள் அடர்ந்த 1,500 மீட்டர் அளவிலான காட்டுப் பகுதி. மகனுக்கு அதற்கு மேலேயுள்ள புல்வெளியும் ஓடைகளும். தந்தைக்கோ செடிகொடிகள் முடிந்து பாறையும் பனியும் தொடங்கும் இடம். மூவரும் ஒரே மலையைத்தான் விரும்புகிறார்கள். ஆயினும் மூவரின் மலையும் ஒன்றன்று. இந்த எளிய உண்மையைக் கொண்டு ஆசிரியர் ஒரு குடும்பத்தின் வரலாற்றையே நமக்கு விளக்கிவிடுகிறார்.

ஒரே கயிற்றில் மூவர்

பனியாற்றின்மீது நடப்போர் ஏன் ஒரே கயிற்றில் பிணைந்துகொள்கிறார்கள் என்பதைச் சிறிது விளக்குவது இங்கே பயன் தரும். பனியாறு அசையாத பொருளன்று. மிக மெதுவாக நகர்ந்து கொண்டிருப்பது. அந்நகர்வினால் அதில் ஆழமான பிளவுகள் தோன்றுகின்றன. புதுப்பனி அப்பிளவுகளின் வாயை மூடிவிடுவதால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவர் கால்வைத்து உள்ளே விழுந்தால், கயிற்றில் இணைந்திருக்கும் மற்றவர் அவரைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். எனவே கயிறு தளர்ந்து தரையில் புரளவும் கூடாது. பின்னே வருபவரை இழுக்கவும் கூடாது. கயிற்றில் நடப்போர் அனைவரும் தம்மில் மெதுவாக நடப்பவரின் வேகத்திலேயே நடக்கவேண்டும்.

தந்தையின் முதல் விதியும் கயிற்றின் விதியும் மோதுகின்ற இடமே இந்நாவலின் இருதயம் என்று நாம் கருதுகிறோம். சீரான வேகம் என்று தந்தை சொன்னது தம்முடைய வேகத்தை. கயிறு கேட்பதோ பிள்ளையின் வேகத்தை. பியெத்ரோவுக்கு உயரம் ஒத்துக்கொள்வதில்லை. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 4,000 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். தலைவலியும் குமட்டலும் தளர்ச்சியும் சிலரை வாட்டும். கீழே இறங்குவதே அதற்குரிய முதல் மருந்து. சிறுவன் தன் துன்பத்தை வெளியே சொல்லவில்லை. சொன்னால் தந்தையின் உவகை கெட்டுவிடும் என்ற அச்சம் அவனுக்கு. அதே கயிற்றில் நடக்கும் புரூனோவுக்கோ மூச்சு வாங்கவில்லை. மலை அவனுக்குப் பிறந்த வீடு. தந்தை எதிர்பார்த்த மகனாக அக்கணத்தில் நடப்பவன் நண்பனே. இதனைத் தந்தை சொல்லிக்காட்டவில்லை. ஆனால் மகன் கண்டுகொள்கிறான். முடிவில் மூவரும் திரும்பிவிடுகிறார்கள்.

இந்தக் காட்சியில் ஆசிரியர் யாரையும் குற்றவாளியாக்கவில்லை. தந்தை கடிந்து பேசவில்லை; மகன் முறையிடவில்லை; நண்பன் செருக்குக் கொள்ளவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று அன்று அறுந்துபோகிறது. பதின்ம வயதில் ஒருநாள், தந்தை மலைக்கு அழைக்கும்போது பியெத்ரோ வர மறுக்கிறான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சிறு மறுப்புத்தான். ஆனால் அதற்குப் பின் அவர்கள் இருவரும் சேர்ந்து நடக்கவேயில்லை. நடையே அவர்களுக்கு இருந்த ஒரே மொழி என்பதால் பேச்சும் அருகிப்போகிறது.

மோரியாவும் வாந்துவும்

தந்தையும் மகனும் மலையேறும் கதை நம் வாசகர்களுக்குப் புதிதன்று. தொடக்க நூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமும் ஈசாக்கும் மோரியா மலைக்குச் செல்கிறார்கள். இலக்கியத் திறனாய்வாளர் எரிக் அவர்பாக் 1946-இல் வெளியிட்ட 'மிமெசிஸ்' என்ற நூலின் முதல் இயலிலேயே இக்கதையின் சொற்சிக்கனத்தை ஆராய்ந்திருக்கிறார். மூன்று நாள் பயணத்தில் தந்தை என்ன நினைத்தார் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. இருவரும் சேர்ந்து நடந்ததை மட்டும் அக்கதை இருமுறை குறிப்பிடுகிறது. இன்னொன்றையும் நாம் கவனிக்கவேண்டும். மலையடிவாரத்தில் காத்திருந்த வேலைக்காரரிடம் ஆபிரகாம் திரும்பி வந்ததைக் கதை சொல்கிறது. ஈசாக்கு இறங்கி வந்ததைச் சொல்லவில்லை. ஏறும்போது சேர்ந்து நடந்தவர்கள் இறங்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள்? பேசிக்கொண்டார்களா? கொன்யெத்தி வேதாகமக் கதையை நினைத்து எழுதினார் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும் மகனின் மௌனம் எத்தகையது என்ற கேள்விக்கு அவருடைய நாவல் ஒரு விடையாக அமைகிறது எனலாம்.

மேலை இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற மலையேற்றம் வேறொன்று. கவிஞர் பெட்ரார்க்கா 1336-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் தெற்கு பிரான்சிலுள்ள வாந்து மலையில் ஏறியதாகத் தம் ஆன்ம வழிகாட்டியாகிய அகுஸ்தீனார் சபைத் துறவிக்கு மடல் எழுதினார். அம்மடல் பல ஆண்டுகளுக்குப் பின்னரே இன்றைய வடிவம் பெற்றது என்பது அறிஞர் பலர் கருத்து. யாரைத் துணைக்கு அழைப்பது என்று கவிஞர் தம் நண்பர்களை ஒவ்வொருவராக எடைபோடுகிறார். ஒருவர் மிக மெதுவானவர், ஒருவர் மிக விரைவானவர், ஒருவர் சோர்வாளர், ஒருவர் அளவுக்கு மீறிய உற்சாகி. எவரும் தேறவில்லை. இறுதியில் தம் தம்பி கெரார்தோவை அழைத்துச் செல்கிறார். தம்பி நேராக மேலேறுகிறார். அண்ணன் எளிய வழி தேடிச் சுற்றிச் சுற்றிக் களைக்கிறார். உச்சியில் புனித அகுஸ்தீனாரின் 'அறிக்கைகள்' நூலைத் திறந்து, மலைகளை வியப்போர் தம்மையே மறந்துவிடுகிறார்கள் என்னும் கருத்துள்ள பகுதியைக் காண்கிறார். அதன்பின் அடிவாரம் வரை அவர் வாய் திறக்கவில்லை.

அம்மடல் மனித மனத்தை உள்நோக்கித் திருப்பிய பெரும் படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் 'எட்டு மலைகள்' நாவலை வாசித்தபின் அதனை மீண்டும் எடுத்தபோது ஒரு குறை நம் கண்ணில் பட்டது. உச்சியில் கவிஞருக்குத் தம் ஆன்மா தெரிகிறது. அருகே நிற்கும் தம்பி மங்கிப்போகிறார். பொலோஞா நகரில் கல்வியை விட்டு நீங்கிப் பத்தாண்டுகள் ஆயின என்று அங்கே எண்ணிப் பார்க்கிறார். அவ்வாறு நீங்கிய 1326-ஆம் ஆண்டில்தான் அவருடைய தந்தை இறந்தார். அத்தந்தையைப் பற்றி மடலில் பேச்சில்லை. மலையேறும் போது கவிஞரின் வயது 31. கொன்யெத்தியின் பியெத்ரோ தன் தந்தையை இழக்கும்போது அவனுக்கும் வயது 31. பெட்ரார்க்கா மலையுச்சியில் தம்மைக் கண்டார். பியெத்ரோ அங்கே தன் தந்தையைக் காண்கிறான்.

சுவரில் ஒரு வரைபடம்

ஜொவான்னி 62-ஆம் வயதில் மாரடைப்பால் திடீரென இறக்கிறார். மகனுக்கு அவர் விட்டுச் சென்ற சொத்து, மலையுயரத்தில் இடிந்து கிடக்கும் ஒரு கல்வீடு மட்டுமே. அதனை மீண்டும் கட்டித் தருவதாகப் புரூனோ அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அப்போதுதான் பியெத்ரோ ஓர் உண்மையை அறிகிறான். தான் வராமல் இருந்த ஆண்டுகளில் தந்தை புரூனோவோடு மலையேறியிருக்கிறார். தான் மறுத்த இடம் வெறுமையாக இருக்கவில்லை. நண்பன் அதில் நடந்திருக்கிறான்.

கிரானா வீட்டுச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. ஏறிய பாதைகளை எல்லாம் தந்தை அதில் மையால் வரைந்து வைத்திருக்கிறார். கறுப்புக் கோடுகள் அவர் தனியே நடந்தவை. சிவப்புக் கோடுகள் மகனோடு நடந்தவை. பச்சைக் கோடுகள் புரூனோவோடு நடந்தவை. விளக்கம் எதுவும் எழுதப்படவில்லை. பியெத்ரோ அப்பாதைகளில் ஒவ்வொன்றாக நடக்கத் தொடங்குகிறான். ஆல்ப்ஸ் மலையின் பல சிகரங்களில் உலோகப் பெட்டிக்குள் ஒரு பதிவேடு வைக்கப்பட்டிருக்கும். ஏறியவர்கள் அதில் பெயரும் நாளும் ஓரிரு சொற்களும் எழுதுவது மரபு. அப்பதிவேடுகளில் மகன் தந்தையின் கையெழுத்தைத் தேடுகிறான். பேசாதவர் என்று எண்ணியிருந்த மனிதர் மலையுச்சிகளில் எழுதி வைத்த சொற்களை அவர் இறந்தபின் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கிறான்.

இப்பகுதியைக் கண்ணீர் வரவழைக்கும் உத்தியாக மாற்றுவது எளிது. ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. பியெத்ரோ அழுது புரளவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லையே! அவன் நடக்கிறான். தந்தையின் வேகத்தைத் தன் கால்களால் அளந்து பார்க்கிறான். முன்பு தன்னை வதைத்த உயரம் இப்போது தந்தையின் மனத்தை அறியும் வழியாகிறது. இந்நாவலின் இரண்டாம் பகுதிக்கு ஒப்புரவின் வீடு என்னும் பொருள்படத் தலைப்பிட்டிருக்கிறார் ஆசிரியர். அந்த ஒப்புரவு நண்பர் இருவரும் ஒரு கோடை முழுதும் கல்லும் மரமும் சுமந்து வீடு கட்டும் உழைப்பில் நிகழ்கிறது.

பங்குப் பணியில் நாம் எத்தனையோ இறப்பு வீடுகளுக்குச் சென்றிருக்கிறோம். தொலைதூரத்திலிருந்து வந்து சேர்ந்த மகன், தந்தையின் நண்பர்கள் நடுவே அமர்ந்திருப்பான். "உன்னைப் பற்றிப் பேசாத நாளில்லை தம்பி" என்று யாரோ ஒருவர் சொல்வார். அம்மகனின் முகத்தில் அப்போது தோன்றும் திகைப்பை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தன்னிடம் ஒருபோதும் பேசப்படாதது ஊரெல்லாம் பேசப்பட்டிருக்கிறது! தந்தையை மகனுக்கு அறிமுகம் செய்துவைப்பவர் பெரும்பாலும் தந்தையின் நண்பரே. கொன்யெத்தி இதனை நன்றாக அறிந்திருக்கிறார்.

சினங்கொள்ளாத மூத்த மகன்

லூக்கா நற்செய்தியில் வரும் காணாமற்போன மகன் உவமையை நம் வாசகர் அனைவரும் அறிவர். இந்நாவலை அவ்வுவமையோடு வைத்துப் பார்ப்பது பயனுடையது. இங்கும் வீட்டை விட்டு அகன்ற மகன் திரும்பி வருகிறான். ஆனால் வாசலில் நின்று எதிர்பார்க்கும் தந்தை இல்லை. தந்தையோடு இருந்து உழைத்த மூத்த மகனின் இடத்தில் புரூனோ நிற்கிறான். உவமையின் மூத்த மகன் சினங்கொண்டு வீட்டுக்குள் வர மறுக்கிறான். புரூனோவோ திரும்பி வந்தவனுக்காக வீட்டையே கட்டித் தருகிறான். தந்தையின் அன்பில் தனக்குக் கிடைத்த பங்கை அவன் பறைசாற்றவில்லை, மறைக்கவும் இல்லை. அதை உரியவனிடம் சேர்ப்பதே தன் கடமை என்று நடந்துகொள்கிறான்.

புரூனோவைப் பாத்திரப் படைப்பின் வெற்றி என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம். அவனுக்குத் தன் சொந்தத் தந்தையிடம் கிடைத்தது கொத்து வேலையும் கடுமையுமே. பியெத்ரோவின் பெற்றோர் அவனை மிலானுக்கு அழைத்துச் சென்று படிக்கவைக்க விரும்பினர், அது நடக்கவில்லை. நல்லெண்ணம் கொண்ட நகரத்தார் மலைவாழ் சிறுவன் ஒருவனைத் தம் உயரத்துக்கு இறக்க முயன்ற கதை அது. பியெத்ரோவைத் தந்தை தம் உயரத்துக்கு ஏற்ற முயன்றதும் அதே தவற்றின் மறுபக்கந்தான். இந்த இரு நிகழ்ச்சிகளையும் ஆசிரியர் அருகருகே வைத்திருப்பது தற்செயலன்று.

குறைகள் சில

சிறந்த நூலாயினும் குறைகளைச் சுட்டுவது திறனாய்வின் கடமை. முதலாவது, தாயைப் பற்றியது. கிரானாவில் வீடு தேடியவர் அவர். புரூனோவின் படிப்பில் அக்கறை கொண்டவர் அவர். பிரிந்து நிற்கும் எல்லாருக்கும் இடையே மடல்களாலும் சொற்களாலும் உறவை உயிரோடு வைத்திருப்பவரும் அவரே. கயிற்றின் விதியை உண்மையில் அறிந்தவர் இக்குடும்பத்தில் அத்தாய் ஒருவரே. ஆயினும் கதை அவரை வாயிலில் நிறுத்திவிட்டு ஆண்களோடு மேலேறிப் போய்விடுகிறது. புரூனோவின் மனைவி லாராவுக்கும் இதே நிலை. மலையில் பாலாடைக்கட்டி செய்து பிழைக்க முயன்று கடனில் மூழ்கும் அக்குடும்பத்தின் துயரில் பெரும்பங்கு அவளுடையது. நாம் அதை அவள் வாயிலாகக் கேட்பதே இல்லை.

இரண்டாவது, நேபாளம் பற்றியது. வளர்ந்த பியெத்ரோ ஆவணப்படம் எடுப்பவனாக இமயத்துக்குச் செல்கிறான். அங்கே கோழிகளைச் சுமந்து செல்லும் ஒரு முதியவர் அவனுக்கு உலகத்தின் அமைப்பை வரைந்து காட்டுகிறார். நடுவே சுமேரு மலை. சுற்றிலும் எட்டு மலைகள், எட்டுக் கடல்கள். எட்டு மலைகளையும் சுற்றி வந்தவன் அதிகம் கற்றானா, சுமேருவின் உச்சியை அடைந்தவன் அதிகம் கற்றானா என்பது அவர் கேள்வி. நாவலின் தலைப்பே இதிலிருந்து பிறந்தது. ஆனால் இமயத்து மக்கள் இந்நூலில் ஞானம் சொல்லிவிட்டு மறைகிறார்கள். அம்முதியவருக்கும் ஒரு மகன் இருக்கக்கூடும். அவனும் பிழைப்புக்காக ஊரை நீங்கியிருக்கக்கூடும். ஆல்ப்ஸ் மலையின் ஆளொழிந்த சிற்றூருக்கு ஆசிரியர் தந்த கண், இமயத்துச் சிற்றூருக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது குறையாகச் சிலர் முடிவைச் சொல்வர். அனைத்தையும் இழந்த புரூனோ தனியே மலைவீட்டில் குளிர்காலத்தைக் கழிக்கிறான். பனி அவனைக் கொண்டுபோகிறது. இது வலிந்து சேர்த்த துயரம் என்பது அவர்கள் கருத்து. நாம் இதனோடு உடன்படவில்லை. இளமையில் ஜொவான்னி தம் நெருங்கிய நண்பரைப் பனிச்சரிவில் பறிகொடுத்தவர். அந்நண்பரின் சகோதரியே அவருடைய மனைவி. இலையுதிர் காலத்தில், மலையடிவாரத்துச் சிறு ஆலயத்தில், மலையேறும் நண்பர் சிலர் மட்டும் சூழ, உறவினர் எவருமின்றி அவர்கள் திருமணம் நடந்தது. தந்தை ஏன் நிற்காமல் நடந்தார், ஏன் பேசாமல் நடந்தார் என்பது இச்செய்தி தெரிந்தபின்தான் நமக்கு விளங்குகிறது. இறுதியில் மகனும் தன் நண்பனைப் பனிக்குக் கொடுத்து நிற்கிறான். வீட்டைப் பெற்றபோது அவன் தந்தையின் சொத்துக்கு உரியவனானான். நண்பனை இழந்தபோது தந்தையின் துயருக்கு உரியவனாகிறான். வரைபடம் சொல்லாமல் விட்ட ஒன்றை அப்போது அவன் அறிகிறான். ஆகவே அம்முடிவு கதையின் வேரிலிருந்தே எழுந்தது.

திரையில் எட்டு மலைகள்

பெல்ஜிய நாட்டு இயக்குநர்கள் பெலிக்ஸ் வான் குரோனிங்கென், சார்லோட் வாந்தர்மேர்ஷ் இருவரும் இந்நாவலை 2022-இல் திரைப்படமாக்கினர். அவ்வாண்டு கான் விழாவில் நடுவர் பரிசை அது மற்றொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. மலைகளைக் காட்டும் படம் என்றால் அகன்ற திரையை எதிர்பார்ப்போம். இவர்களோ பழைய படங்களைப் போலச் சதுரத்தை ஒத்த சட்டத்துக்குள் எடுத்திருக்கிறார்கள். அதனால் மலையின் பரப்பைவிட உயரமே கண்ணில் படுகிறது; அதன்முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதும் தெரிகிறது. அழகை விளம்பரம் செய்யாத இந்த அடக்கம் நாவலின் குணத்துக்கு ஏற்றதே. ஆயினும் நாவலில் மகன் கடந்தவற்றை நினைத்துச் சொல்லும் குரலில் ஒரு தயக்கம் உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தான் அப்போது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்னும் தயக்கம். அதனைத் திரை முழுமையாகக் கொணரவில்லை. முதலில் நூலை வாசித்துப் பின்னர்ப் படத்தைக் காண்பதே நலம்.

ஆற்றின் கேள்வி

நாவலின் தொடக்கப் பகுதியில் தந்தை மகனிடம் ஒரு கேள்வி கேட்கிறார். ஆற்றில் நீ நிற்கும் இடம் நிகழ்காலம் என்றால், எதிர்காலம் எந்தப் பக்கம்? நீர் ஓடிச் செல்லும் கீழ்ப்பக்கம் என்கிறான் சிறுவன். தவறு என்கிறார் தந்தை, காரணம் சொல்லவில்லை. ஆற்றில் எதிர்நீச்சலிட்டு நிற்கும் மீனுக்கு உணவும் ஆபத்தும் மேலிருந்தே வருகின்றன, எதிர்காலம் மலைப்பக்கந்தான் என்பதைப் பியெத்ரோ பிற்பாடு தானே கண்டுகொள்கிறான். தந்தையர் பலர் இப்படித்தான். கேள்வியைக் கொடுத்துவிட்டு விடையைச் சொல்லாமலே போய்விடுகிறார்கள்.

சுமேருவா, எட்டு மலைகளா என்ற கேள்விக்கு நாவல் நேரான தீர்ப்பு வழங்கவில்லை. ஒரே மலையில் வாழ்ந்து அதிலேயே முடிந்தவன் புரூனோ. உலகைச் சுற்றித் திரிந்தவன் பியெத்ரோ. இருவரில் யார் அதிகம் கற்றார் என்று நாமும் தீர்ப்புக் கூறப்போவதில்லை. சுவரில் தொங்கும் வரைபடம் வேறொரு கணக்கை வைத்திருக்கிறது. எத்தனை சிகரம், எவ்வளவு உயரம் என்பது அதில் இல்லை. யாரோடு நடந்தோம் என்பதற்கு மட்டுமே ஜொவான்னி வண்ணம் மாற்றியிருக்கிறார்.

நம்மைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். நம் தந்தையார் அதிகம் பேசாதவர். ஊருக்கு வெளியே இருந்த சிறு குன்றின்மீது தம் நண்பர் இருவரோடு ஞாயிறு மாலைகளில் ஏறும் வழக்கம் அவருக்கு இருந்தது. குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு கோடையில் நம்மையும் அழைத்தார். படிக்கவேண்டும் என்றோம். அடுத்த வாரமும் அழைத்தார். அப்போதும் ஏதோ சொன்னோம். அதற்குப்பின் அவர் அழைக்கவில்லை. நாமும் அதை மறந்துவிட்டோம். பல ஆண்டுகள் கழித்து இந்நாவலில் பியெத்ரோ வர மறுக்கும் பக்கத்தை வாசித்தபோது, நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். அந்த மாலைகளில் அவர்கள் மூவரும் என்ன பேசினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இன்று அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

ஆகவே இந்நூலை வாசகர்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறோம். முதுமையடைந்த தந்தையோ தாயோ வீட்டில் இருப்பவர்கள் சற்று விரைவில் வாசிப்பது நல்லது. மலை வேண்டியதில்லை. மாலையில் தெருமுனை வரை அவர்களோடு நடந்தாலும் போதும், அவர்களுடைய வேகத்தில்.